வெள்ளத்தில் அறுந்த லைனுக்கு மூன்று மாதப் பில்: முக்கூடல் வீடு ஒன்றின் முழு விவரம்

திருநெல்வேலி மாவட்டம் முக்கூடலில் பீடி சுற்றும் அக்கா ஒருவருக்கு, வேலையே செய்யாத பைபர் இன்டர்நெட் இணைப்புக்காக 4,564 ரூபாய் பாக்கி என்று ஒரு நிறுவனம் பில் அனுப்பியது. கடைசியில் அந்தப் பாக்கி பூஜ்யம் ஆனது. இடையில் என்ன நடந்தது, எந்தக் காகிதம் வேலை செய்தது, எது செய்யவில்லை என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. ஜெராக்ஸ், ரீசார்ஜ், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் பார்க்கிற சின்னக் கடை வைத்திருப்பவன், அவ்வளவுதான். ஊர்க்காரர்களின் போன் பில், நெட் பில் தகராறு எல்லாம் சுற்றிச் சுற்றி இந்த மேஜைக்குத்தான் வரும். நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. போட்டால் "ஓ, அந்தக் கம்பெனியா, அப்ப நமக்கு இல்ல" என்று படிப்பவர் நகர்ந்துவிடுவார். பெயர் மாறினாலும் நடக்கும் விதம் பெரிதாக மாறுவதில்லை.

அக்காவுக்கு ஒரே மகள். ஊர் அரசுப் பள்ளியில் படித்து, பாளையங்கோட்டையில் கல்லூரி சேர்ந்த பெண். 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கில் விழுகிறது. இந்த ஆயிரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பில்லைப் பார்க்கும்போது தேவைப்படும். 2023 ஜூனில் தெருவில் குடை விரித்து உட்கார்ந்திருந்த விற்பனைப் பையன்கள் வீடு வீடாக வந்தார்கள். மாதம் 499 ரூபாய், ஆறு மாதத்துக்கு மொத்தமாகக் கட்டினால் ரவுட்டர் இலவசம், பொருத்தும் கூலியும் கிடையாது. 499 ஆறு தடவை 2,994, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து 3,533. அக்கா பீடிக்கடையில் முன்பணம் வாங்கிக் கட்டினார். படிக்கிற பிள்ளைக்கு என்றால் யார்தான் யோசிப்பார்கள்.

ஆறு மாதம் நெட் நன்றாகவே ஓடியது. அதை மறைக்க வேண்டியதில்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் என்ன நடந்தது என்று தென்மாவட்டக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டித் தீர்த்தது, தாமிரபரணி கரையை மீறி ஓடியது, போன் டவர்கள் படுத்துவிட்டன. டவர் திரும்ப எழுந்த பிறகும் அக்கா வீட்டு நெட் எழவில்லை. ரவுட்டர் பெட்டியில் 'லாஸ்' என்று எழுதிய இடத்தில் சின்னதாகச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. பைபர் வைத்திருக்கும் வீட்டுக்காரர்கள் இந்த விளக்கைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. அது சிவப்பாக எரிந்தால் வீட்டுக்குள் கோளாறு தேடி அநேகமாகப் பயனில்லை, வெளியிலிருந்து வெளிச்சமே பெட்டிக்கு வந்து சேரவில்லை, அதாவது பெரும்பாலும் கேபிள் எங்கேயோ அறுந்திருக்கிறது என்று அர்த்தம். அறுந்த இடமும் கண்ணுக்குத் தெரிந்தது. தெரு முனை இபி போஸ்ட்டிலிருந்து கறுப்பு ஒயர் பிய்ந்து தரையைத் தொட்டுக்கொண்டு தொங்கியது. மகள் அதைப் போட்டோ எடுத்து வைத்திருந்தாள். எதற்கென்று தெரியாமலேதான் எடுத்தாளாம். பின்னால் அது எவ்வளவு உதவியது என்பது எனக்குத்தான் தெரியும்.

கஸ்டமர் கேரில் புகார் பதிவு செய்தார்கள். அதற்கு எண் வந்தது. இரண்டு நாள் கழித்து இன்னொரு குறுஞ்செய்தி: உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, சேவையை அனுபவியுங்கள். பெட்டியில் சிவப்பு விளக்கு அப்படியே எரிகிறது. மறுபடி கூப்பிட்டால் புதுப் புகார் எண், மறுபடி தீர்க்கப்பட்டது. ஏரியா பார்க்கும் லைன்மேன் தம்பியை நேரில் பிடித்தபோது அவன் உள்ளதைச் சொன்னான். "யக்கா, எங்களுக்கு இத்தன மணிநேரத்துல புகார் டிக்கெட்ட மூடணும்னு கணக்கு. மூடலைன்னா சம்பளத்துல கை வைக்காவ. கேபிளு வந்தாத்தான் நான் இழுக்க முடியும், கேபிளு இன்னும் மதுரைலருந்து வரல." அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் கம்பெனி ஆளே இல்லை, ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்ப்பவன். ஊர்க்காரர்கள் திட்டுவதெல்லாம் அவனைத்தான், ஆனால் அவன் கையில் பில்லும் இல்லை, கேபிளும் இல்லை.

அந்த நேரம் பார்த்து ஆறு மாதம் முடிந்தது. டிசம்பர் 19 கடைசி நாள். அக்கா என்ன நினைத்தார் என்றால், ரீசார்ஜ் மாதிரி, கட்டிய காசு முடிந்தால் நெட்டும் முடிந்துவிடும். நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் போன் காசை முன்கூட்டியே கட்டிப் பழகியவர்கள், அவர்களுக்கு இப்படித்தான் தோன்றும். ஜனவரியில் ஒரு பில் வந்தது. மாத வாடகை 799, ஜிஎஸ்டி சேர்த்து 942 ரூபாய் 82 காசு. 499 எப்படி 799 ஆனது? ஏதோ நாலைந்து சினிமா ஆப் சேர்த்த திட்டமாம். யார் கேட்டது?

அக்கா பில்லோடு கடைக்கு வந்தார்.

"அண்ணாச்சி, ஆத்துல வெள்ளம் வந்தன்னைக்குச் செத்த லைனு இது. இதுக்கு நான் எதுக்குத் துட்டு கட்டணும்? கரண்டு இல்லாத வீட்டுல மீட்டர் ஓடுமா?"

"ஓடாதுக்கா. ஆனா இவங்க மீட்டர் ஓடும்."

இணைப்பே வேண்டாம், துண்டித்துவிடுங்கள் என்று சொல்லச் சொன்னேன். அதற்காகக் கூப்பிட்டது தனிக்கதை. கணினிக் குரல் தமிழுக்கு ஒன்றை அமுக்கு, பில்லுக்கு இரண்டை அமுக்கு என்று போய்க்கொண்டே இருக்கும், இணைப்பைத் துண்டிக்க எதை அமுக்க என்று மட்டும் எங்கேயும் சொல்லாது. புது இணைப்பு வேண்டும் என்பதை அமுக்கிப் பாருங்கள், மணி அடித்து முடிவதற்குள் ஆள் வந்துவிடுவார். கடைசியில் அந்த வழியாகத்தான் ஓர் ஆளைப் பிடித்து, அங்கிருந்து இன்னொரு பிரிவுக்கு மாற்றினார்கள். அந்தப் பிரிவின் வேலையே போகிறவரைப் போகவிடாமல் வைப்பதுதான். மூன்று மாதம் பாதி விலையில் தருகிறோம், வேகத்தைக் கூட்டித் தருகிறோம். அக்கா "வேண்டாம்மா, லைனே இல்லையே, வேகத்தை வச்சி என்ன செய்ய" என்றதற்கு, "சரிங்க மேடம், நோட் பண்ணிட்டேன்" என்று வைத்துவிட்டார்கள். எண் எதுவும் வரவில்லை. மகளின் போனில் அந்த அழைப்பு மட்டும் இருக்கிறது, பதினான்கு நிமிடம் பேசியதாக.

பிப்ரவரியில் 2,003 ரூபாய் 64 காசு. மார்ச்சில் 3,064 ரூபாய் 46 காசு. ஒவ்வொரு மாதமும் 942.82, கூடவே தாமதக் கட்டணம் 100, அந்தத் தாமதத்துக்கும் 18 ரூபாய் வரி. அப்புறம் ரவுட்டரைத் திருப்பித் தரவில்லை என்று 1,500. ஆக 4,564. ரவுட்டர் வீட்டிலேதான் இருக்கிறது, வாங்கத்தான் ஆள் வரவில்லை. இப்போது அந்த ஆயிரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெண் படிக்க வேண்டும் என்று அரசு தருகிற மாத ஆயிரத்தில் 943, இல்லாத நெட்டுக்கே சரியாகிவிடும்.

ஏப்ரலில் வசூல் ஆட்கள் ஆரம்பித்தார்கள். முதலில் போன். அப்புறம் வாட்ஸ்அப்பில் தராசுப் படம் போட்ட, வக்கீல் லெட்டர்பேட் மாதிரி ஒரு பிடிஎப், முழுக்க ஆங்கிலம், சிவப்பு எழுத்தில் லோக் அதாலத், அதாவது மக்கள் நீதிமன்றம், என்ற வார்த்தை மட்டும் பெரிதாக. அதில் வழக்கு எண் இல்லை, நீதிமன்றத்தின் பெயர் இல்லை, தேதி இல்லை. நிஜமான சம்மன் இப்படி வராது. ஆனால் அக்காவுக்கு அது எப்படித் தெரியும்? அவர் பயந்தது வேறு விஷயத்துக்கு. மகளின் செல் நம்பரும் அதே கம்பெனி. "அந்தப் புள்ள நம்பரையும் பிடுங்கிருவோம்ங்காவ அண்ணாச்சி. அதுலதான பேங்கு, ஆதாரு, காலேஜு எல்லாம் இருக்கு." மிரட்டலில் வேலை செய்தது அந்த ஒரு வரிதான். பணத்தைக் கட்டித் தொலைத்துவிடலாம் என்ற இடத்துக்கே அக்கா வந்துவிட்டார். இந்த மாதிரி பாக்கியில் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் கட்டுகிறார்கள் என்று என் கடை அனுபவத்தில் சொல்வேன். கட்டுகிறவர்கள் பில் சரியென்று நினைத்துக் கட்டுவதில்லை, தொல்லை விட்டால் போதும் என்றுதான்.

காகிதங்களை ஒன்று சேர்த்தோம்

பில்லை எல்லோரும் முதல் பக்கத்தோடு நிறுத்திவிடுவார்கள், அங்கேதான் தொகை இருக்கிறது. நான் பிடிஎப்பை முழுதாக அச்செடுத்து மேஜையில் பரப்பினேன். மூன்றாம் பக்கத்தில் கீழே, விளம்பரத்துக்கு நடுவில் ஒரு சின்னக் கட்டம். இந்த மாதம் பயன்படுத்திய டேட்டா: 0.00 ஜிபி. ஜனவரி பில்லில் அப்படி. பிப்ரவரியில் அப்படி. மார்ச்சிலும் அப்படியே. அதற்கு முந்தைய மாதங்களில் நூறு ஜிபிக்கு மேல் ஓடிய வீடு அது. லைன் செத்துக் கிடந்தது என்பதற்கு வேறு சாட்சியே தேவையில்லை, கம்பெனியே கையெழுத்துப் போடாத குறையாக எழுதிக் கொடுத்திருக்கிறது. மூன்று பில்லிலும் அந்தக் கட்டத்தைப் பச்சை மார்க்கரால் வட்டமிட்டேன். நான் செய்ததிலேயே உருப்படியான வேலை அதுதான் என்பேன்.

அடுத்து, 499 எப்படி 799 ஆனது. விற்பனைப் பையன் இணைப்புக் கொடுத்த அன்று இரண்டு ஓடிபி வாங்கியிருக்கிறான். முதலாவது ஆதார் சரிபார்க்க. இரண்டாவது "பிளான் ஆக்டிவேட் ஆகணும்" என்று சொல்லி வாங்கியது. மகள் குறுஞ்செய்திகளை அழிக்காத பெண், தேடி எடுத்தோம். இரண்டாவது செய்தியில் ஓடிபி எண் முதல் வரியில். அதற்குப் பிறகு ஆங்கிலத்தில், சலுகைக் காலம் முடிந்ததும் 799 ரூபாய் மாதாந்திரத் திட்டத்துக்குத் தானாக மாறச் சம்மதிக்கிறேன் என்று. ஓடிபி கேட்கும்போது நாம் அந்த ஆறு இலக்கத்தை மட்டும்தான் பார்ப்போம், அதை நம்பித்தான் அந்த வாசகம் எண்ணுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறது. இது ஏமாற்றா? சட்டப்படி சம்மதம் வாங்கியிருக்கிறார்கள் என்று அவர்கள் சொல்வார்கள், சொன்னார்கள். ஆகவே 799 ஏன் என்று சண்டை போடுவதைப் பின்னுக்குத் தள்ளி, நெட்டே இல்லாத மாதத்துக்கு எந்த விலையும் செல்லாது என்பதை முன்னால் வைத்தோம். ஜெயிக்கிற வாதத்தை முதலில் வைக்க வேண்டும். கோபம் எதில் அதிகமோ அது கடிதத்தின் முதல் பாராவுக்கு வந்துவிடும், அதைத் தடுத்தாலே பாதிக் கடிதம் சரியாகிவிடும்.

எங்கே எழுதுவது? டிராய்க்கு எழுதுங்கள் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். டிராய் 1997-இல் வந்த தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம். விதி போடும், கம்பெனிகளைக் கண்காணிக்கும், ஆனால் தனி ஆள் புகாரை எடுத்து விசாரிக்காது. அங்கே அனுப்பினால் கம்பெனிக்கே தள்ளிவிடுவார்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்தோம். அதற்குக் கம்பெனி ஒரே வரியில் பதில் போட்டது: வாடிக்கையாளரின் சம்மதத்தின்படியே திட்டம் மாற்றப்பட்டது. புகாரில் லைன் இல்லை என்று எழுதியதைப் பற்றி ஒரு சொல் இல்லை. படித்துவிட்டுப் பதில் போட்ட மாதிரியே தெரியவில்லை.

வேலை செய்த வழி வேறு. 2012-இல் டிராய் கொண்டுவந்த புகார் தீர்வு விதிகள் என்று ஒன்று இருக்கிறது. அதன்படி இரண்டு படி. முதல் படி கம்பெனியின் புகார் மையம். அங்கே சொல்லும் ஒவ்வொரு புகாருக்கும் எண் தந்தே ஆக வேண்டும், எஸ்எம்எஸ்ஸிலும் அனுப்ப வேண்டும். அந்த எண் இல்லாமல் நீங்கள் எவ்வளவு நேரம் பேசியிருந்தாலும் அது புகார் இல்லை, வெறும் பேச்சு. அக்காவின் "துண்டித்துவிடுங்கள்" அப்படித்தான் காற்றில் போனது. அங்கே தீர்வு இல்லை என்றாலோ, தீர்வு திருப்தி இல்லை என்றாலோ இரண்டாவது படி மேல்முறையீட்டு அதிகாரி. ஒவ்வொரு கம்பெனியும் இதற்கென ஆள் வைத்திருக்க வேண்டும். காசு கிடையாது, 30 நாளுக்குள் போட வேண்டும், போட்டால் 39 நாளுக்குள் அவர்கள் முடிக்க வேண்டும். கஸ்டமர் கேரில் யாரும் இதை வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். "மேலதிகாரிகிட்ட குடுங்க" என்றால் பக்கத்து நாற்காலிக்காரரிடம் கொடுப்பார்கள், அவர் மேல்முறையீட்டு அதிகாரி இல்லை. அந்த முகவரி கம்பெனியின் இணையதளத்தில் அடியில், பொடி எழுத்தில், வேலைவாய்ப்பு, முதலீட்டாளர் என்றெல்லாம் இருக்கும் வரிசையில் இருக்கும்.

முதலில் புகார் மையத்துக்கு மின்னஞ்சல், எண் வாங்கினோம். இணைப்பைத் துண்டிக்கச் சொல்லித் தனியாக ஒரு மின்னஞ்சல், அதற்கும் எண். பில் புகாரை நான்கு வாரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. அவர்கள் அதற்கு முன்பே பழைய பதிலையே திருப்பி அனுப்பி முடித்துவிட்டார்கள். ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று, காத்திருக்காமல் மேல்முறையீடு போட முடிந்தது.

மேல்முறையீட்டில் எழுதியது தமிழில் இரண்டு பக்கம், கூடவே ஆங்கிலத்தில் அதன் சுருக்கம். சாரம் இதுதான். டிசம்பர் 17 முதல் லைன் இல்லை, சாட்சி உங்கள் பில்லின் மூன்றாம் பக்கம். அகலக்கற்றை (பிராட்பேண்ட்) சேவைத் தரம் பற்றிய 2006 விதிகளின்படி, பழுது மூன்று வேலை நாளைத் தாண்டினால் ஏழு நாள் வாடகை தள்ளுபடி, ஏழு நாளைத் தாண்டினால் பதினைந்து நாள் வாடகை, பதினைந்து நாளையும் தாண்டினால் ஒரு மாத வாடகை முழுவதும் தள்ளுபடி. இந்த விதியை யாருக்காவது கம்பெனி தானாகச் சொல்லிக் கழித்ததாக எங்கள் ஊரில் நான் கேள்விப்பட்டதில்லை. 2024 அக்டோபரிலிருந்து புதிய சேவைத் தர விதிகள் வந்துவிட்டன, அன்றைக்கு இருந்தது இது. அடுத்து, ஜனவரியில் துண்டிக்கச் சொன்ன அழைப்பு இன்ன தேதியில், இன்ன நேரத்தில், பதினான்கு நிமிடம். உங்களிடம் இருக்கும் ஒலிப்பதிவை எடுத்துக் கேளுங்கள். ரவுட்டர் தயாராக இருக்கிறது, ஆள் அனுப்புங்கள் அல்லது எங்கே கொடுக்க என்று எழுத்தில் சொல்லுங்கள். பில் தகராறில் இருக்கும்போது வசூல் ஆட்கள் கூப்பிடுவதை நிறுத்துங்கள்.

கடைசிப் பாரா சின்னதுதான், ஆனால் அதை யோசித்து எழுதினேன். ஒரு காலத்தில் போன் பில் தகராறு என்றால் நுகர்வோர் நீதிமன்றம் போக முடியாது. 2009-இல் உச்ச நீதிமன்றம், 1885-ஆம் வருடத்துத் தந்திச் சட்டத்தைக் காட்டி நடுவரிடம் போகச் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பைக் காட்டியே பல வருடம் கம்பெனிகள் தப்பித்தன. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவை என்பதற்குள் தொலைத்தொடர்பும் பெயர் சொல்லியே வந்துவிட்டது. 2022 பிப்ரவரி 16 அன்று வோடபோன் ஐடியா வழக்கில், தந்திச் சட்டம் இருந்தாலும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று உச்ச நீதிமன்றமே தெளிவாக்கியது. புதிய சட்டத்தில் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை. ஆக, "39 நாளில் தீர்வு இல்லையெனில் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இழப்பீட்டோடு கேட்போம்" என்று எழுதி, அந்தத் தீர்ப்பின் தேதியையும் போட்டோம். மிரட்டல் தொனி வேண்டாம், தேதி போதும்.

என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை

மே மாதம் பதில் வந்தது, கெடுவுக்கு முன்பே. முதலில் ஒரு போன், இந்தத் தடவை தெளிவான தமிழில், கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குப் பொறுத்திருந்து பேசிய ஒரு பெண். அப்புறம் எழுத்தில்: மூன்று மாத வாடகையும் தாமதக் கட்டணமும் ரத்து, ரவுட்டரைத் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் உள்ள அலுவலகத்தில் ஒப்படைத்தால் 1,500-ம் ரத்து. காரணம் என்று எழுதியது, "நல்லெண்ண அடிப்படையில்". விதி என்ற சொல்லே கடிதத்தில் இல்லை. ஒலிப்பதிவைப் பற்றி மூச்சு விடவில்லை. எனக்கு அது உறுத்தியது. விதிப்படி தர வேண்டியதைத் தர்மம் மாதிரித் தந்தால், அடுத்த வீட்டுக்காரருக்கு அந்த விதி தெரியாமலே போகும், அதுதான் அவர்களுக்கு வேண்டியதும். அக்காவுக்கு அந்த உறுத்தல் இல்லை. "பேரு எதுவா இருந்தா என்ன அண்ணாச்சி, துட்டு போகாம இருந்தாச் சரி."

ரவுட்டரை ஒப்படைத்ததில்தான் கொஞ்சம் இழுத்தது. அக்கா ஒரு நாள் பீடித் தட்டைத் தூக்கி வைத்துவிட்டு, பெட்டியையும் அடாப்டரையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். ஜங்ஷனில் இறங்கி வண்ணார்பேட்டை போனால், "வச்சிட்டுப் போங்க, சிஸ்டத்துல ஏத்திருவோம்" என்றார்களாம். ரசீது இல்லாமல் பெட்டியைக் கையை விட்டு இறக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தேன். அக்கா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். சாப்பாட்டு நேரம் கழித்து, பெட்டியின் பின்னால் ஒட்டியிருக்கும் வரிசை எண்ணை எழுதி, முத்திரை வைத்து ஒரு துண்டுச்சீட்டு கொடுத்தார்கள். அந்தச் சீட்டின் ஜெராக்ஸ் இப்போதும் என் கோப்பில் இருக்கிறது. பாக்கி இல்லை என்ற கடிதம் அதற்குப் பிறகுதான் வந்தது. அந்த ஒரு நாள் கூலியை யார் தருவார்கள்? யாரும் தரவில்லை. ஆணையத்துக்குப் போயிருந்தால் மன உளைச்சலுக்கும் அலைச்சலுக்கும் சேர்த்துக் கேட்டிருக்கலாம், போகலாம் என்றுதான் நான் சொன்னேன். அக்கா வேண்டாம் என்றுவிட்டார், அவர் வாயிதா வாயிதாவாக நெல்லைக்கு அலைந்தால் அடுப்பு எரிய வேண்டாமா.

வசூல் ஆட்கள் அதற்குப் பிறகும் ஒரு முறை கூப்பிட்டார்கள். பாக்கி இல்லை என்ற கடிதத்தை அவர்களுடைய வாட்ஸ்அப்புக்கே அனுப்பினோம். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. மகளின் நம்பருக்கு எதுவும் ஆகவில்லை.

நெட் இல்லாத வீடு என்ன ஆனது? எல்லாம் செல்போன் மேல் விழுந்தது, அதுவும் சரியாக 2024 ஜூலையில். அந்த மாதம் 3-ஆம் தேதி ஜியோவும் ஏர்டெல்லும், மறுநாள் வோடபோன் ஐடியாவும் விலையை ஏற்றின. இதற்கு முன் பெரிதாக ஏற்றியது 2019 டிசம்பரிலும் 2021 கடைசியிலும். ஜியோவில் தினம் 1.5 ஜிபி தரும் 28 நாள் திட்டம் 239-லிருந்து 299 ஆனது. கடையில் வைத்து ஒவ்வொருவருக்கும் விளக்கி வாய் வலித்தது, விலையை நான்தான் ஏற்றியது போல் திட்டுவாங்கியதும் நான்தான். இதில் யாரும் புகார் செய்யவும் முடியாது. இந்தியாவில் செல்போன் கட்டணத்தைக் கம்பெனிகளே வைத்துக்கொள்ளலாம், டிராய்க்குத் தெரிவித்தால் போதும்.

28 நாள் என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. மாதம் ஒரு ரீசார்ஜ் என்று நாம் நினைக்கிறோம், வருடத்துக்குப் பதின்மூன்று. 299 பதின்மூன்று தடவை 3,887. பழைய விலையில் 3,107. ஒரு போனுக்கு வருடம் 780 ரூபாய் கூடுதல். 2022 ஜனவரியில் டிராய், 30 நாள் செல்லும் திட்டம் ஒன்றும் மாதாமாதம் அதே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றும் கண்டிப்பாக வைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. வைத்திருக்கிறார்கள், ஆப்பில் தேடித்தான் எடுக்க வேண்டும். 28 நாள்தான் எப்போதும் முன்வரிசையில்.

அக்காவின் போன் வேறு ரகம். பட்டன் போன், ஏர்டெல் சிம், பீடிக்கடையிலிருந்தும் மகளிடமிருந்தும் அழைப்பு வந்தால் எடுப்பார், அவ்வளவுதான். இதற்கு 28 நாளுக்கு 179 கட்டிக்கொண்டிருந்தவர் 199 கட்ட வேண்டி வந்தது. அதில் வரும் 2 ஜிபி டேட்டாவை வைத்து பட்டன் போனில் என்ன செய்ய? இந்த ஒரு விஷயத்தில் டிராய் செய்ததைப் பாராட்டுவேன். 2024 டிசம்பரில், பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள திட்டத்தைத் தனியாக விற்றே ஆக வேண்டும் என்று விதியைத் திருத்தியது. 2025 ஜனவரியில் கம்பெனிகள் வெளியிட்டன, முதலில் வைத்த விலைக்குச் சத்தம் எழுந்ததும் கொஞ்சம் குறைத்தன. ஏர்டெல்லில் 84 நாளுக்கு 499 என்றது 469 ஆனது. 199 மூன்று தடவை 597, ஆகவே அக்காவுக்கு 84 நாளில் 128 ரூபாய் மிச்சம். பிரமாதமான மிச்சம் இல்லை. ஆனால் தானாக யாரும் மாற்றித் தரவில்லை, இப்படி ஒன்று இருக்கிறது என்று குறுஞ்செய்தி கூட அவருக்கு வரவில்லை. கடைக்கு வழக்கம் போல 199 போட வந்தபோது நான்தான் மாற்றிப் போட்டேன்.

மகள் இப்போது கடைசி வருடம். பாடக் காணொளிகள், புராஜெக்ட் எல்லாம் தினம் 1.5 ஜிபிக்குள் அடங்குவதில்லை, மாலையில் தீர்ந்துவிடுகிறது. மறுபடி பைபர் போடலாமா என்று அம்மாவும் மகளும் சேர்ந்து கடைக்கு வந்தார்கள். போடலாம் என்றேன். ஆறு மாத இலவசமெல்லாம் வேண்டாம், காசு தீர்ந்தால் தானாக நிற்கிற பிரீபெய்டு இணைப்பு இருக்கிறதா என்று கேட்டு, அதைக் கம்பெனி எழுத்தில் சொன்னால் மட்டும். ரவுட்டர் வாடகையா, சொந்தமா என்பதையும் சேர்த்து. குடைக்கார விற்பனைப் பையன் ஒருவனை மகள் கடைக்கே கூட்டி வந்து, என் முன்னால் வைத்துக் கேட்டாள். அவன் நேர்மையான பையன், தலையைச் சொறிந்தான்.

"பிரீபெய்டு இருக்குக்கா. ஆனா அதை வித்தா எங்களுக்கு பாயிண்டு கிடையாது."

பாயிண்டு இல்லாத அந்த இணைப்பைத்தான் போட்டிருக்கிறார்கள். மாதம் 471, வரியோடு. ஓடிபி வந்த செய்தியை அக்கா மகளை விட்டு முழுதாக வாசிக்கச் சொல்லி, தமிழில் அர்த்தம் கேட்டு, அப்புறம்தான் எண்ணைச் சொல்ல விட்டார். பையன் அதுவரை வாசலில் நின்றான்.